மேல்மாடியில் வாசித்த சங்கீதங்கள்

என் வயதை ஒத்தவர்களே, போர்க்காலத்தில் கொழும்பில் சைவ வீடுகளில் வளர்ந்தவர்களே, கிறிஸ்தவர்களின் வேதப் புத்தகத்தை நீங்கள் முதன்முதலில் எங்கே கண்டீர்களோ தெரியாது. பாடசாலை நூலகத்திலோ ஆஸ்பத்திரி மேசையிலோ கண்டிருப்பீர்கள். நான் அதை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மாடிப்படியில், நனைந்து ஊதிப்போய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது கண்டேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

வீடு பெரியப்பாவுடையது. அவர் கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வெளிநாடு போய்விட, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்பாவிடம் வந்தது. கீழே நாங்கள் மூன்று பேர். வெளிப்பக்கமாக ஏறிப்போகும் சீமெந்துப் படிகளுக்கு மேலே இரண்டு அறைகளும் ஒரு சின்னக் குசினியும் இருந்தன. ஒழுங்கையின் முடிவில் தண்டவாளம், அதற்கப்பால் பாறைகள், பிறகு கடல். உப்புக் காற்று ஜன்னல் கம்பிகளைத் தின்றுகொண்டே இருக்கும். கொடியில் போட்ட துணி காய்ந்த பிறகும் பிசுபிசுக்கும்.

அந்த மேல்மாடிக்குத்தான் மாமியும் அவருடைய மகனும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். மாமி எங்களுக்குச் சொந்தமில்லை. நான் அவரை மாமி என்றும் மகனை அண்ணா என்றும் கூப்பிட்டேன். மாமி அங்கே ஒரு பெண்கள் பாடசாலை விடுதியில் மேற்பார்வையாளராக இருந்தவர். கணவர் இறந்து பல வருடங்கள். அண்ணாவுக்கு இருபது இருக்கும். ஒடிசலானவர், அதிகம் கதைக்கமாட்டார். அவரை எப்படியாவது வெளிநாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்றுதான் மாமி வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டிருந்தார். கடல்நீரேரியை வள்ளத்தில் கடக்கும்போது பை ஒன்று தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. அதற்குள் இருந்த சீலைகளைப் பற்றி மாமி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. புத்தகத்தைத்தான் வந்த மறுநாளே படியில் கொண்டுவந்து வைத்தார்.

வெங்காயச் சருகு போன்ற தாள்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஈர்க்கினால் மெதுவாகப் பிரிக்க வேண்டும், கிழியக் கூடாது. என் விரல்கள் சின்னவை என்பதால் மாமி என்னைக் கூப்பிட்டார். பாடசாலை விட்டு வந்ததும் அவருக்குப் பக்கத்தில் படியில் இருந்து பிரிப்பேன். அதில் சேற்று மணமும் பழைய தோல் மணமும் இருந்தன. பல இடங்களில் சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் சின்னச் சின்னதாக எழுதியிருந்தார். மகனுக்குக் காய்ச்சல் கண்ட நாள், கணவர் போன நாள், மழை பெய்யாத ஒரு வருடம்.

எனக்கு அது பெரிய அதிசயம். எங்கள் வீட்டில் தேவாரப் புத்தகம் சுவாமி அறையில் இருந்தது. குளிக்காமல் அதைத் தொட முடியாது. மாமி மீன் வெட்டிய கையைக் கழுவிவிட்டு வந்து வேதப் புத்தகத்தை எடுப்பார். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பார். அம்மாவுக்கு அது மனதுக்கு ஒத்துவரவில்லை. சாமிப் புத்தகத்தில் பேனையால் கிறுக்குகிறார்களே என்று கீழே வந்து சொல்வார். நான் அதைத் தயங்கித் தயங்கி மாமியிடம் கேட்டபோது அவர் சிரித்தார்.

"இதைக் கும்பிடுறதில்லைப் பிள்ளை. இது கதைக்கும், நாங்கள் கேட்போம். சில நேரம் நாங்களும் திருப்பிக் கதைப்போம்," என்றார்.

அது ஒரு புத்தகம் அல்ல, ஒரு கட்டுக்குள் கிடக்கிற அறுபத்தாறு புத்தகங்கள் என்று அவர்தான் சொல்லித் தந்தார். உலகம் உண்டானது, ஒரு சனம் அடிமையாகப் போனது, மீண்டு வந்தது, ராசாக்கள் கெட்டுப்போனது எல்லாம் பழைய ஏற்பாட்டில். யேசுவின் வாழ்க்கையும் அவருக்குப் பின் வந்தவர்கள் எழுதிய கடிதங்களும் புதிய ஏற்பாட்டில். யேசுவின் வாழ்க்கையை நான்கு பேர் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். ஒரே கதையை ஏன் நான்கு தரம் எழுத வேண்டும் என்று கேட்டேன். உங்கள் வீட்டில் நேற்று நடந்ததை அப்பாவிடம் கேட்டால் ஒரு மாதிரியும் அம்மாவிடம் கேட்டால் இன்னொரு மாதிரியும்தானே வரும், இரண்டும் பொய் இல்லையே என்றார் மாமி. அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நடுவில் சங்கீதங்கள் இருந்தன. நூற்றைம்பது பாட்டுகள். அங்கேதான் சிவப்புக் கோடுகள் அதிகம். அவற்றில் சிலவற்றில் ஆட்கள் கடவுளோடு சண்டை பிடித்தார்கள். எங்கே போய் ஒளிந்துகொண்டாய், எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பாய் என்று கேட்டார்கள். கடவுளை இப்படிப் பேசலாமா என்று கேட்டேன்.

"வேதத்திலேயே பேசியிருக்கினம். இல்லாட்டி நாங்கள் எங்க போய்ப் பேசுறது," என்றார் மாமி.

மாலையில் எங்கள் வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேலே வாசிப்பு தொடங்கும். மாமி ஒரு வசனம் வாசிப்பார், அண்ணா அடுத்ததை வாசிப்பார். மாமியின் குரல் கணீரென்று இருக்கும். அண்ணாவுடையது தாழ்ந்து, சொற்களின் கடைசி எழுத்தை விழுங்கிவிடும். கோட்டை நிலையத்துக்குப் போகும் ரயில் கடந்தால் சிறிது நேரம் ஒன்றும் கேட்காது. ரயில் போன பிறகு பார்த்தால் அவர்கள் நிறுத்தியிருக்கமாட்டார்கள், வேறு வசனத்தில் இருப்பார்கள். அப்பா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குச் சமயத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் நல்ல தமிழ் என்பார்.

சுற்றிவளைப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒருநாள் விடிகிற நேரம் ஆமியும் பொலிசும் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார்கள். ஆண்கள் எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னார்கள். அண்ணா, வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிசில் பதிந்து வாங்கும் துண்டையும் அடையாள அட்டையையும் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, விசாரணைக்கு வரட்டும் என்றார்கள். மாமி படியில் இறங்கி வந்து அவர்களுக்கு முன்னால் நின்றார். அப்பா அவரைத் தடுத்தார். தடுத்தால் சந்தேகப்படுவார்கள் அக்கா, துண்டு இருக்கிறதுதானே, மத்தியானத்துக்குள் விட்டுவிடுவார்கள் என்றார். அப்பா ஒருகொடவத்தை என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தவர், நாள் முழுக்கச் சிங்களவர்களோடு பழகுகிறவர், அவருக்கு இதெல்லாம் தெரியும் என்று எல்லோரும் நம்பினோம். அம்மா அண்ணாவுக்கும் சேர்த்து உலை வைத்தார். அந்தச் சோறு அன்று மாலை வரை மூடியே இருந்தது.

அவரைக் கண்டுபிடிக்கவே பல வாரங்கள் சென்றன. பொலிஸ் நிலையத்தில் இல்லை என்றார்கள். பிறகு இன்னொரு இடத்தைச் சொன்னார்கள். அங்கேயும் இல்லை. கடைசியில் தெற்கே, பஸ்ஸில் அரை நாள் போகும் தூரத்தில் ஒரு சிறையில் இருப்பது தெரிந்தது. தாய் போய்ப் பார்க்கலாம். மாமிக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அப்பா கூடப் போனால், ஆம்பிளை என்று அவரையும் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று அம்மா பயந்தார். நான் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடி நன்றாகச் சிங்களம் பேசுவேன், எழுத்துக்கூட்டி வாசிப்பேன். சின்னப் பிள்ளையைக் கண்டால் அவர்களுக்கும் மனம் இரங்கும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அப்படித்தான் மாமிக்கு நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

முதல் தரம் போனபோது மாமி வேதப் புத்தகத்தைக் கொண்டுபோனார். வாசலில் இருந்த காவலர் அதை முன்னும் பின்னும் புரட்டினார். சமயப் புத்தகம் என்று நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, தங்கச்சி என்பதுபோல நங்கி என்றுதான் கூப்பிட்டார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது நங்கி, தமிழ்ப் புத்தகம் உள்ளே விட முடியாது, சிங்களத்தில் இருந்தால் கொண்டுவா என்றார். அதை மாமிக்குச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது, நானே மறுத்தது போல. திரும்பி வரும் வழியெல்லாம் மாமி புத்தகத்தை மடியில் வைத்து, சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி அதையும் விரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

அண்ணாவுக்குச் சிங்களம் தெரியாதே, சிங்களப் புத்தகத்தை வைத்து என்ன செய்வார் என்று அம்மா கேட்டார். அதற்கு மாமியிடம் பதில் இருந்தது. வேதப் புத்தகத்தில் எந்த மொழியிலும் அதிகாரத்துக்கும் வசனத்துக்கும் போட்டிருக்கும் எண் ஒன்றுதான். சின்ன வயதிலிருந்தே அவர் மகனுக்குச் சங்கீதங்களைப் பாடமாக்கியிருந்தார். எண்ணைச் சொன்னால் போதும், அவனுக்குத் தமிழில் வசனம் வந்துவிடும்.

"அப்ப புத்தகம் என்னத்துக்கு அக்கா?"

"விரல் வைக்க ஒரு இடம் வேணுமெல்லே," என்றார் மாமி.

சிங்கள வேதப் புத்தகம் வாங்கக் கொச்சிக்கடைக்குப் போனோம். அந்தோனியார் கோயில் வாசலில் மெழுகுவர்த்தியும் செபமாலையும் விற்கும் கடைகளில் கேட்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மாமி புரட்டஸ்தாந்துக்காரர். சுரூபங்களுக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றுவது அவர்கள் வழக்கம் இல்லை. அதனால் கோயில் வாசலிலேயே நின்றுவிட்டார். சைவக்காரியான அம்மாதான் விறுவிறுவென்று உள்ளே போய், அந்தோனியாருக்கு முன்னால் நின்று, தோப்புக்கரணம் போடாத குறையாகக் கும்பிட்டுவிட்டு, அண்ணாவின் பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். துறைமுகத்துப் புகையும் மெழுகு மணமும் கலந்த காற்று. பஸ்ஸில் வரும்போது மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

புத்தகம் கிடைத்தது. ஆனால் கத்தோலிக்கரின் வேதத்தில் சில புத்தகங்கள் கூடுதலாக இருக்கும், எண்கள் மாறிவிடுமோ என்று மாமிக்குப் பயம். எங்கள் வீட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். நான் சிங்களத்தை எழுத்துக்கூட்டி வாசித்துச் சொல்ல, மாமி தமிழில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். மேய்ப்பன் வந்த இடத்தில் மேய்ப்பன் வந்தான். தண்ணீர் வந்த இடத்தில் தண்ணீர் வந்தது. அண்ணாவைக் கொண்டுபோன பிறகு மாமியின் முகம் மலர்ந்ததை அன்றுதான் கண்டேன். எனக்கும் அது ஒரு மாயம் போலத்தான் இருந்தது. வெளியே அந்த இரண்டு மொழியும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. எங்கள் மேசையில் ஒரே எண்ணின் கீழ் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தன.

அடுத்த முறை காவலர் புத்தகத்தை உள்ளே விட்டார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணா, இந்தப் பக்கம் நாங்கள். இரண்டு பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக் கதைப்பதால் ஒன்றும் கேட்காது. மாமி கத்தினார்: "இருபத்தேழு, மூண்டு! பின்னேரம் வாசி! நானும் வாசிப்பன்!" அண்ணா தலையாட்டினார். அவருடைய தாடி வளர்ந்திருந்தது. ஆனால் சிரித்தார்.

அதற்குப் பிறகு சில தடவைகள் போனோம். ஒவ்வொரு தடவையும் மாமி எண்களைச் சொல்வார், அண்ணா விரல்களால் திருப்பிக் காட்டுவார். வீட்டில் மாலையானால் மாமி தனியே வாசித்தார். தன் வசனத்தைத் தன் குரலிலும், அண்ணாவின் வசனத்தைச் சற்றுத் தாழ்த்தியும் வாசித்தார். அந்நாட்களில் அவர் நன்றாகச் சாப்பிட்டார். என்னைக் கூப்பிட்டுத் தலை பின்னிவிட்டார். அண்ணாவும் இந்த நேரம் வாசிப்பார் என்று அவர் சொல்லும்போது, அடுத்த அறையில் இருப்பவரைப் பற்றிச் சொல்வது போல இருக்கும்.

பிறகு ஒருநாள் எங்களைக் கம்பி வலைக்குப் போகவிடவில்லை. ஒரு அறைக்குள் கூட்டிப்போனார்கள். மேசையில் அந்தச் சிங்கள வேதப் புத்தகம் இருந்தது. மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி இருந்தார். வாசல் காவலரை விட மேலானவர், என் அப்பாவின் வயது, சுத்தமாகச் சவரம் செய்த முகம். தாயும் மகனும் எண்களால் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். பாட்டுகளின் எண் என்றேன். ஒரு புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் யாராவது எண் போடுவார்களா என்றார். மாமியிடம் கேட்டேன். கண்டுபிடிக்க லேசு என்று மாமி சொன்னதை அப்படியே சொன்னேன். யார் யாரைக் கண்டுபிடிக்க என்று அவர் கேட்டார்.

அவர் இருபத்தேழாம் சங்கீதத்தை விரித்து, மூன்றாம் வசனத்தில் விரலை வைத்து, சத்தமாக வாசி என்றார். வாசித்தேன். ஒரு படை வந்து சுற்றிப் பாளயம் போட்டாலும், போரே மூண்டாலும் பயப்படமாட்டேன் என்று ஒருவன் சொல்வதுதான் அது. தமிழில் மாமி வாசித்தபோது எனக்கு அது தைரியமாகத்தான் கேட்டிருந்தது. சிங்களத்தில் என் வாயிலிருந்து வந்தபோது அந்தச் சொற்களெல்லாம் வானொலிச் செய்தியில் நாள்தோறும் கேட்கிறவையாக இருந்தன. படை, முகாம், யுத்தம். எந்தப் படை என்று அதிகாரி கேட்டார். இது பழைய காலத்து ராசா ஒருவர் பாடியது என்று மாமி சொல்லச் சொன்னார். அவர் எந்த ஊர், இப்போது எங்கே இருக்கிறார் என்றார் அதிகாரி. கேலியாகக் கேட்டாரா உண்மையாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்குக் குடிக்கத் தண்ணீர் கூடக் கொடுத்தார். மாமியிடமிருந்து கற்றதையெல்லாம் சொன்னேன். இது அறுபத்தாறு புத்தகங்கள், நான்கு பேர் ஒரே கதையைச் சொல்லியிருக்கிறார்கள், இதைக் கும்பிடுவதில்லை, இதோடு கதைப்பார்கள் என்றேன். பன்னிரண்டு வயதுச் சைவப் பிள்ளைக்குத் தெரிந்த சிங்களத்தில் கிறிஸ்தவர்களின் நம்பிக்கையை வேறு எப்படிச் சொல்வது? சொல்லச் சொல்ல எனக்கே அது நம்ப முடியாததாகக் கேட்டது. மாமி என் தோளில் கை வைத்திருந்தார். கடைசியில் அதிகாரி புத்தகத்தை மூடி இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, இனிப் பார்க்க வர வேண்டாம், தேவையானால் அறிவிப்போம் என்றார்.

அறிவிக்கவில்லை. மாதங்கள் போயின. அண்ணாவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாக ஒருவர் சொன்னார். இல்லை என்று இன்னொருவர் சொன்னார். அப்பா தெரிந்த சிங்கள நண்பர்களையெல்லாம் பிடித்துப் பார்த்தார். மாமியின் கோயிலிலிருந்து போதகர் வந்து செபித்துவிட்டுப் போவார். மாமி ஒரு மாலைகூட வாசிப்பை நிறுத்தவில்லை. அவனிடம் புத்தகம் இல்லாவிட்டாலும் எண் அவன் தலைக்குள் இருக்கிறது என்றார். முன்பு சொன்ன அதே சங்கீதங்களையே சுற்றிச் சுற்றி வாசித்தார். புதிய எண்ணைச் சொல்லி அனுப்ப வழி இல்லையே.

ஒரு நாள் மத்தியானம் அண்ணா தானாகவே படியேறி வந்தார். குற்றம் எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்களாம். வேறொருவருடைய சேர்ட் போட்டிருந்தார். இடது கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. அம்மா ஓடிப்போய்ச் சோறு போட்டார். அவர் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைச் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி ஒதுக்கிக் குவித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை மாமி புத்தகத்தை விரித்தார். குரல் கீழே எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது, எங்கள் ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். இருபத்தேழாம் சங்கீதம். மாமி ஒரு வசனம் வாசித்து நிறுத்தினார். அடுத்த வசனத்தை யாரும் வாசிக்கவில்லை. பிறகு படியில் காலடி கேட்டது. அண்ணா எங்கள் வாசலைக் கடந்து, தண்டவாளப் பக்கமாக நடந்து போனார்.

ஒவ்வொரு மாலையும் அதுதான் நடந்தது. மாமி வாசிக்கத் தொடங்குவார், அண்ணா இறங்கிப் போவார். சில நாட்களில் கழிவறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவார். மாமி தாய்க்குரிய பிடிவாதத்தோடு இன்னும் சத்தமாக வாசித்தார். உள்ளே போன பிள்ளையின் விசுவாசம் உடைந்துவிட்டது, வசனத்தைக் கேட்கக் கேட்கத்தான் திரும்பி வரும் என்று போதகரும் சொன்னார். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. சாமி காப்பாற்றவில்லை என்று கோபம் போலிருக்கிறது என்றார் அம்மா.

விடுதலையான பிறகும் அண்ணா வாராவாரம் பொலிசில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். அப்பா கூடப் போய்வருவார். அப்படிப் போய்வந்த ஒருநாள் மாலை, உடுப்புக்கூட மாற்றாமல், அப்பா மேலே ஏறிப் போனார். நான் பின்னால் போய்ப் படியில் நின்றேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்போதுதான் புத்தகத்தை விரித்திருந்தார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. இனி மனசுக்குள்ள வாசிச்சா நல்லம். சத்தம் கீழ கேக்குது," என்றார் அப்பா.

மாமி உடனே புரிந்துகொள்ளவில்லை. "இவ்வளவு நாளும் கேட்ட சத்தம்தானே தம்பி?"

"ஓம். இப்ப கஷ்டமாயிருக்கு."

மாமி அண்ணாவைப் பார்த்தார். அண்ணா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மாமி கண்ணாடியைக் கழற்றிப் புத்தகத்தின் மேல் வைத்தார்.

"உங்கட வீடு. நீங்கள் சொன்னாச் சரி," என்றார்.

அந்த மாதமே அவர்கள் கொழும்பிலேயே கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டார்கள், சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறைக்கு. அம்மா அப்பாவோடு பல நாட்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்து மீட்ட தாயிடம், சைவ வீட்டில் வேதம் வாசிக்காதே என்று சொல்ல எப்படி மனம் வந்தது என்று கேட்டார். அப்பா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டார். அவரை நான் அதற்கு முன் அப்படிப்பட்ட ஆளாக நினைத்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அதற்கான காரணத்தை அப்பா எங்களுக்குச் சொன்னது பல வருடங்கள் கழித்து. மாமி கொட்டாஞ்சேனையிலேயே இறந்துபோய், அண்ணாவும் கடல் கடந்து போய், அவரிடமிருந்து செய்தி எதுவும் வராமல் போன பிறகு. பொலிசிலிருந்து திரும்பும் வழியில் கடற்கரைப் பாறையில் இருந்துதான் அண்ணா அவரிடம் சொல்லியிருக்கிறார். எங்களைத் திருப்பி அனுப்பிய பிறகு, அந்தச் சிங்கள வேதப் புத்தகத்தை விசாரணை அறைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மாமி கத்திச் சொன்ன எண்களையெல்லாம் ஒவ்வொன்றாக விரித்து, ஒருவன் சிங்களத்தில் வாசிப்பான், இன்னொருவன் அரைகுறைத் தமிழில் சொல்வான். சத்துருக்கள் யார், பாளயம் எங்கே, கன்மலை என்று யாரைச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். அது கடவுள் என்று அண்ணா சொல்வார். அடிப்பார்கள். அடுத்த வசனம். ஒவ்வொரு நாளும், மாமி இங்கே வாசித்த அதே சங்கீதங்கள். மகன் கேட்டுக்கொண்டிருப்பான் என்று மாமி நம்பியது உண்மைதான்.

உன் அம்மாவிடம் சொல்லிவிடு தம்பி என்று அப்பா கெஞ்சியிருக்கிறார். அண்ணா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றாராம்.

"அவவுக்குத் தெரிஞ்சா அவ இனி அந்தப் புத்தகத்தைத் திறக்கமாட்டா மாமா. அவவிட்ட வேற ஒண்டும் இல்லை."

எங்களுக்காவது சொல்லியிருக்கலாமே என்று அம்மா அழுதார். சொல்லியிருந்தால் நீ அவவிடம் போய்ச் சொல்லாமல் இருந்திருக்கமாட்டாய் என்றார் அப்பா. அது சரிதான் என்று அம்மாவும் ஒத்துக்கொண்டார்.

இதெல்லாம் தெரியாத காலத்தில், அவர்கள் வீடு மாறிய வருடம், யேசு பிறந்த நத்தார் நாளில், அம்மா என்னை மட்டும் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போனார். ஒடுங்கிய அறை. தெருவில் பட்டாசுச் சத்தம். மாமி எங்களைக் கட்டிப்பிடித்து, நத்தார் கேக் தந்து, மாலையானதும் புத்தகத்தை எடுத்தார். அங்கே அவரைத் தடுக்க ஒருவரும் இல்லை. அண்ணா எழுந்து போகவில்லை. அந்த அறையிலிருந்து போக இடமும் இல்லை. கட்டில் நுனியில், இரண்டு உள்ளங்கைகளையும் தொடைகளின் கீழ் வைத்துக்கொண்டு இருந்தார். மாமி ஒரு வசனம் வாசித்தார். அண்ணா அடுத்ததை, புத்தகத்தைப் பார்க்காமல், கடைசி எழுத்தை விழுங்காமல், தெளிவாகச் சொன்னார். அப்படியே சங்கீதம் முடியும்வரை சொன்னார். அவருடைய கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. புழுக்கம் என்று நான் நினைத்தேன். மாமியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பார்த்தியா, பிள்ளை திரும்பி வந்திட்டான் என்று அம்மாவின் காதில் சொன்னார்.

புறப்படும்போது மாமி என் தலையைத் தடவி, அப்பாவுக்காகவும் தான் ஒவ்வொரு நாளும் செபிப்பதாகவும், கர்த்தர் அவருடைய மனதை இளக்குவார் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அப்பாவிடம் ஒப்புவித்தேன். அவர் வேலைக்குப் போட்டுப்போகும் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணா தானும் சேர்ந்து வாசித்தார் என்று சொன்னபோது துடைப்பதை நிறுத்தினார்.

"முழுக்கச் சொன்னவனோ?" என்று கேட்டார்.

முழுக்க, புத்தகம் பாராமல் என்றேன். மாமி அவருக்காகச் செபிப்பதையும் சொன்னேன்.

அப்பா கையிலிருந்த சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "செபிக்கட்டும் பிள்ளை. எனக்காக எண்டாலும் செபிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, துடைத்த சப்பாத்தையே மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.